நுளம்பு எங்கிருந்து வருகிறது? ஒரு வளவைச் சல்லடை போட்டுத் தேடியபோது

நுளம்பு ஒழிப்பு என்றவுடன் எங்கள் ஊரில் முதலில் கத்தியை எடுத்துப் பற்றையை வெட்டுவார்கள். அப்புறம் சருகைக் கூட்டி எரிப்பார்கள். வளவு துப்புரவாகும், பார்க்கவும் நன்றாக இருக்கும், பின்னேரம் விறாந்தையில் இருந்தால் நுளம்பு முன்பு போலவே கடிக்கும். பற்றைக்குள் நுளம்பு ஒதுங்கி நிற்பது உண்மைதான். ஆனால் அது பிறப்பது தண்ணீரில். எல்லா நுளம்பும் ஒரே மாதிரித் தண்ணீரில் பிறப்பதும் இல்லை. அதனால் இந்த முறை கத்தியைத் தொடாமல், கடிப்பது எது, அது எந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கோண்டாவிலில் எங்கள் காணி மூன்று பரப்பு. பின்னுக்குக் கிணறும் வாழையும், வீட்டோடு ஒட்டினாற்போல ஒரு மாவும் ஒரு வேம்பும், ஒரு பக்கம் பழைய மதில், மற்றப் பக்கம் கிளுவைக் கதியால் வேலி. நிலம் செம்மண், அடியில் சுண்ணாம்புக் கல். மாரியில் எவ்வளவு மழை பெய்தாலும் முற்றத்து வெள்ளம் கனநேரம் நிற்காது, நிலத்துக்குள் இறங்கிவிடும். ஒரு குடம்பி, அதாவது நுளம்பின் புழு, முட்டையிலிருந்து வெளியே வந்து நுளம்பாகிப் பறக்க எங்கள் வெக்கைக்கே ஒரு கிழமை, பத்து நாள் தேவை. ஆகவே முற்றத்துக் குட்டையில் குற்றம் இல்லை. ஒரு கிழமைக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று வளவில் இருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

முதலில் பிடித்துப் பார்த்தேன். மின்சார மட்டையால் அடித்தால் நுளம்பு கருகிப்போய் அடையாளம் தெரியாது. காலில் வந்து இருக்கும்போது கண்ணாடிக் குவளையால் மூடி, அடியில் ஒரு கடதாசி மட்டையைச் செருகி, அப்படியே குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் முழுசாகச் செத்துக் கிடக்கும். வெள்ளைக் கடதாசியில் போட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். காலையிலும் பின்னேரத்திலும் கடித்தவை கறுப்பு, காலில் வெள்ளை வளையம். இவை ஈடிஸ் இனம், டெங்கு பரப்புபவை. இதில் இரண்டு வகை உண்டு. முதுகில் நேராக ஒரே வெள்ளைக் கோடு இருந்தால் ஈடிஸ் அல்பொபிக்டஸ். யாழ் வடிவில் வளைந்த கோடுகள் இருந்தால் ஈடிஸ் ஈஜிப்தி. எங்கள் வளவில் இரண்டுமே இருந்தன. இரவில், விளக்கணைத்த பிறகு காதடியில் பாடியவை மண்ணிறமானவை, காலில் வளையம் இல்லை. அது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைக் கடத்தும் இனம். ஈடிஸ் வீட்டுப் பாத்திரங்களில் தேங்கும் ஓரளவு சுத்தமான தண்ணீரைத் தேடும், கியூலெக்ஸ் ஊத்தைத் தண்ணீரைத் தேடும். ஆகப் பகலுக்கு ஒரு தேடல், இரவுக்கு இன்னொரு தேடல்.

தேடப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. ஒரு ரோச் லைற், ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கோப்பை, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்று. சிரிஞ்சின் வாயில் மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய ரியூப்பை மாட்டிக்கொண்டேன். கை போகாத இடுக்கில் நிற்கும் தண்ணீரை அதால் உறிஞ்சி எடுத்து வெள்ளைக் கோப்பையில் விட்டால் குடம்பி நெளிவது தெளிவாகத் தெரியும். ஈடிஸும் கியூலெக்ஸும் தலையைக் கீழே போட்டு, வால் பக்கத்து மூச்சுக்குழலைத் தண்ணீரின் மேல் வைத்துச் சரிவாகத் தொங்கும். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குழல் இல்லை, மேற்பரப்போடு கிடையாகப் படுத்திருக்கும். இது தெரிந்திருந்தால் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது உதவும்.

பூச்சாடித் தட்டு, யோகட் கோப்பை, சிரட்டை, பழைய ரயர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை ஒரு காலையில் பொறுக்கி முடித்தேன். யாழ்ப்பாணத்து வளவுக்கே உரிய ஒன்று ஊமல். பனங்கிழங்கு கிண்டிய பிறகு கொட்டையைப் பிளந்து பூரான் என்ற உள்பருப்பை எடுத்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை எரிக்க உதவும் என்று வேலியோரம் குவித்து வைப்போம். பிளந்த பாதி ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிண்ணம். மழை பெய்தால் குவியல் முழுவதும் கிண்ணங்களில் தண்ணீர். மேலே கிடப்பவை காய்ந்தாலும் நிழலான அடிப்பக்கத்தில் காயாது. அம்மா அதை எறிய விடவில்லை. "அடுப்புக்கு அதைவிட நல்ல எரிபொருள் எங்க கிடக்கு?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். சாக்குகளில் கட்டி, தகரத்துக்குக் கீழே தூக்கி வைத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மதில்தான் எதிர்பாராதது. அந்தக் காலத்தில் கள்ளருக்குப் பயந்து மதில் தலைப்பில் போத்தல் துண்டுகளைச் சீமெந்தில் பதித்திருக்கிறார்கள். அவற்றில் அடிப்பாகம் நிமிர்ந்து நிற்கும் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் பிடிக்கும். ஏணி வைத்து ஏறிச் சிரிஞ்சால் உறிஞ்சியபோது இரண்டு துண்டுகளில் குடம்பி இருந்தது. கொஞ்சம் சீமெந்தும் மணலும் குழைத்து அந்தக் குழிகளை நிரப்பினேன். கூர் அப்படியே இருக்கிறது, கள்ளர் கவலைப்படத் தேவையில்லை.

உடுப்புக் கொடி கட்டியிருந்த இரும்புப் பைப்பும் அப்படித்தான். மேல் வாய் திறந்திருந்தது. தட்டிப் பார்த்தால் பாதிக்குக் கீழே சத்தம் மந்தமாகக் கேட்டது, உள்ளே தண்ணீர். மணல் கொட்டி நிரப்பி மேலே சீமெந்துப் பூச்சு வைத்தேன். மாமரக் கவட்டில் இருந்த பொந்துக்குச் சீமெந்து வேண்டாம், மரத்துக்குக் கூடாது. வெறும் மணலே போதும், தண்ணீர் தேங்காது. வீட்டுக்குள்ளும் இதே வேட்டை நடத்த வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க அலுமாரிக் காலுக்கு வைத்த கிண்ணம், குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் கசிவு வடியும் தட்டு, சாமித்தட்டில் பூ வைத்த செம்பு, மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பீலி

பகல் நுளம்பின் பெரிய பண்ணை, கூரை விளிம்பில் மழைநீரைப் பிடித்து இறக்கும் பீலி. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேப்பம் சருகு இறங்குகுழாயின் வாயை அடைத்திருந்தது, நடுவில் ஒரு கிளிப் கழன்று பீலி தொய்ந்திருந்தது. தொய்ந்த இடத்தில் தேநீர் நிறத்தில் தண்ணீர், அதற்குள் எல்லா வயதுக் குடம்பியும். கூட்டுப்புழுவும் இருந்தது. கூட்டுப்புழு இருந்தால் அந்த இடத்திலிருந்து நுளம்பு பறக்கத் தொடங்கிவிட்டது, அல்லது சில நாளில் பறக்கப் போகிறது என்று அர்த்தம்.

சருகை அள்ளுவது அரை வேலை. தொய்வு இருக்கும்வரை சருகு திரும்பத் தேங்கும். இரண்டு பக்கத்திலும் ஆணி அடித்து நூல் இழுத்து, இறங்குகுழாய்ப் பக்கமாகப் பத்தடிக்குக் கால் அங்குலம் சரிவு வரும்படி கிளிப்புகளைக் கழற்றி மாற்றி அடித்தேன். பிறகு மேட்டுப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கடைசிச் சொட்டும் ஓடிப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் விரல் அகலத்துக்குத் தேங்கி நின்றது. பீலி வளைந்ததால் வந்தது, சரிவால் சரி செய்ய முடியாது. அந்த இடத்தின் அடியில் சிறு ஓட்டை ஒன்று துளைத்துவிட்டேன். மழை நேரம் அதால் ஒழுகும், ஒழுகட்டும். வேப்பங்கொப்பு ஒன்றையும் தறிக்க வேண்டி வந்தது, அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டியது தனிக் கதை.

கிணற்றடித் தொட்டி வேறு மாதிரியான தொல்லை. ஈடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கோடையில் வெறுமையாகக் கிடந்த தொட்டி மாரி தொடங்கியதும் திடீரென்று நெளிவது அதனால்தான். எனவே தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுவது மட்டும் போதாது. எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தொட்டிச் சுவரில் வெள்ளைப் படிவு சொரசொரவென்று பிடித்திருக்கும், முட்டை ஒளிந்திருக்க அதைவிட வசதியான இடம் இல்லை. கிழமைக்கொருமுறை தேங்காய்ப் பொச்சால் நீர்க்கோட்டைச் சுற்றி அழுத்தித் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரைக் காய்ந்த நிலத்தில் ஊற்றுகிறோம். வடிகானுக்குள் விட்டால் குடம்பி அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளும்.

மேல்நிலைத் தண்ணீர்த் தாங்கிக்கு மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, வழிந்தோடும் பைப்பின் வாயில் வலைத்துணி கட்டினேன். வலைக்கண் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பயனில்லை. கிணற்றுக்கு மேல் சருகு விழாமல் போடும் மீன்வலை நுளம்பைத் தடுக்காது, அதை நம்ப வேண்டாம்.

கிணற்றுக்குக் கப்பி மீன் விட்டோம். குடம்பியைத் தேடித் தேடித் தின்னும், எங்கள் தண்ணீருக்கும் வெக்கைக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மீன் செத்துவிடும், அதற்கு முன் வாளியில் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள், அங்குள்ள சின்ன மீன்களுக்கு அது கெடுதி.

கிணற்றை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் உண்டு. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதையொட்டிய காலத்திலேயே, அதுவரை இங்கே காணப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற இந்தியப் பக்கத்து மலேரியா நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடித்தார்கள். காட்டையும் ஆற்றையும் தேடாமல் நகரத்துக் கிணற்றிலும் தொட்டியிலும் வளரக்கூடிய இனம் அது. வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருக்கும் எங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இரவு நுளம்பு

பகல் கடி குறைந்த பிறகும் இரவுக் கடி குறையவில்லை. குறையாது என்று தெரியும், கியூலெக்ஸின் ஊற்று வேறு. குளியல் தண்ணீர் வாழைக்குப் போகும் வாய்க்காலில் ஒரு மடுவில் சவர்க்கார நுரையோடு தேங்கிக் கிடந்தது. அதை நிரவி, தண்ணீரை வாழைப் பாத்தியில் இரண்டு பக்கமாகப் பிரித்து விட்டதும் நிலம் குடித்துவிட்டது. அதில் இருந்த குடம்பி, வீட்டில் பறந்த எண்ணிக்கைக்குக் காணாது.

சந்தேகம் மலசலகூடக் குழியின் மேல். குழி மூடித்தான் இருக்கிறது, ஆனால் மணம் வெளியேற நிமிர்ந்து நிற்கும் பிவிசி பைப்பின் வாய் திறந்திருக்கிறது. பொழுதுபடுவதற்கு முன் அந்த வாயில் ஒரு தெளிந்த பொலித்தீன் பையைக் கவிழ்த்து, கழுத்தை இறப்பர் வளையத்தால் இறுக்கினேன். விடிய எழுந்து போய்ப் பார்த்தால் பையின் உள்பக்கம் முழுவதும் மண்ணிற நுளம்பு. எண்ணவில்லை, எண்ண மனம் வரவில்லை. யாருக்காவது தன் குழி மேல் சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம், செலவு ஒரு பை. ஒரு இரவுக்கு மட்டும் கட்டுங்கள், குழிக்கு மூச்சு வேண்டும்.

நிரந்தர வேலைக்கு வலை. கடையில் முதலில் எடுத்துத் தருவது இரும்புக் கம்பி வலை. குழிக்குள்ளிருந்து வரும் வாயுவில் அது சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். நைலோன் அல்லது கண்ணாடியிழை வலை வாங்கி, இரண்டாக மடித்துப் பைப்பின் வாயை மூடி, பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய பட்டையால் இழுத்துச் சுற்றிக் கட்டினேன். வெறும் கயிறு வழுகும், இறப்பர் பிடித்துக்கொள்ளும். நைலோன் வெயிலில் நொறுங்கும் என்பதால் ஒவ்வொரு மாரிக்கு முன்னும் ஏறித் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பைப்பை மூடியதும் நுளம்பு வேறு வழி தேடியது. மூடிக் கல்லின் விளிம்பில் பென்சில் தடிப்பில் ஒரு வெடிப்பு. பின்னேரம் ரோச் அடித்தால் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக ஏறி வருவது தெரிந்தது. வெடிப்பைச் சுரண்டித் துப்புரவாக்கி, நனைத்து, சீமெந்துக் கலவையால் அடைத்து, காயும்வரை ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். அதற்குப் பிறகு வந்த இரவுகளில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட முடிந்தது. எல்லா வேலையிலும் உழைப்புக்கு மிஞ்சிய பலன் தந்தது இந்த ஒரு துண்டு வலைதான்.

குழிக்குள் ரிஜிபோம் (சாமான் பொதி செய்யும் வெள்ளை நுரை) மணிகளைக் கொட்டி, தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு படலமாக்குவதும் ஒரு வழி. குடம்பி மேலே வந்து மூச்செடுக்க முடியாது, பெட்டை நுளம்பு முட்டையிடவும் முடியாது. ஆபிரிக்கக் கரையோரத் தீவான சன்சிபாரில் மக்குண்டுச்சி என்ற ஊரில் 1980களின் கடைசியில் இதைச் செய்து கியூலெக்ஸைப் பெருமளவு குறைத்தார்கள். நான் செய்யவில்லை. மாரியில் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் ஏறும்போது குழியும் நிறைந்து வழியப் பார்க்கும். அந்த மணிகள் வெளியேறி வளவெல்லாம் பரவினால் பொறுக்கி முடியாது.

பக்கத்து வீட்டு அண்ணை இதையெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, சொல்லிப் புகை அடிப்பிச்சா அலுவல் முடிஞ்சுது. ஏன் இந்தப் பாடு?"

"அண்ணை, புகை பறக்கிறதைத்தான் கொல்லும். தண்ணிக்குள்ள கிடக்கிறது நாளைக்குப் பறக்கும்."

"அப்ப உப்பைப் போடுமன். உப்புத் தண்ணியில் எது வளரும்?"

இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்திலேயே பதில் உண்டு. 2011 இல் வெளியான, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் பங்கெடுத்த ஓர் ஆய்வில், கரையோரம் எறிந்து கிடந்த போத்தல், பிளாஸ்ரிக் பாத்திரம், கைவிட்ட வள்ளம், பாவிக்காத கிணறு ஆகியவற்றின் உவர்த் தண்ணீரில் இரண்டு ஈடிஸ் இனங்களின் குடம்பிகளையும் கண்டுபிடித்தார்கள். ஒரு லீற்றரில் 2 முதல் 15 கிராம் வரை உப்பிருந்த தண்ணீர் அது. கடல் நீரில் இருப்பதே ஏறக்குறைய 35 கிராம்தான். ஒரு சிட்டிகை உப்பை எறும்புக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அண்ணை நம்பவில்லை. ஆனால் அவரும் தன் வளவு மதிலில் ஏறிப் போத்தல் துண்டுகளைப் பார்த்தார். நொச்சிப் புகையும் வேப்பிலைப் புகையும் கொஞ்ச நேரம் நுளம்பைத் தள்ளி நிற்க வைக்கும், அவ்வளவுதான். விறாந்தையில் ஒரு மேசைக் காற்றாடியைக் காலடிக்குத் திருப்பி வைப்பது அதைவிட நல்லது. நுளம்பு காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லாதது.

வேலை பலிக்கிறதா என்று பார்க்கச் சில பொறிகள் வைத்தேன். கறுப்புப் பிளாஸ்ரிக் வாளி, அரைவாசிக்குத் தண்ணீர், உள் சுவரைச் சுற்றி நீர்மட்டத்தில் நனையும்படி வெள்ளைத் துணிப்பட்டி. நிழலில், கதியாலடியிலோ மதிலடியிலோ வைத்தால் ஈடிஸ் பட்டியில் முட்டையிடும், கறுப்புப் புள்ளியாகத் தெரியும். கிழமைக்கொருமுறை பட்டியை எடுத்துக் கொதிநீரில் போட்டு, தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மறந்துபோகிற ஆள் என்றால் இதை வைக்கவே வேண்டாம். ஒரு கிழமை தவறினால் பொறியே பண்ணையாகிவிடும்.

பீலி வேலைக்குப் பிறகு புள்ளிகள் குறைந்தன. ஆனால் மதிலடி வாளியில் மட்டும் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு, ஆட்கள் கனடாவில். ஈடிஸ் அதிக தூரம் போவதில்லை, நூறு இருநூறு மீற்றருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். அந்த வளவு அதற்குள் அடங்கும். இலங்கையில் நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வளவைத் துப்புரவாக வைத்திருப்பது உரிமையாளர் பொறுப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் அறிவித்தல் ஒட்டுவார்கள். நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டிய சனத்துக்கு அறிவித்தல் ஒட்டுவிப்பதைவிடத் தொலைபேசி நல்லது. வாட்ஸ்அப்பில் பேசினேன். அந்த வீட்டு மாமா உடனே சம்மதித்து, திறப்பு வைத்திருக்கும் உறவுக்காரருக்கும் சொல்லிவிட்டார்.

உள்ளே போனோம். பாவிக்காத கழிப்பறைக் கோப்பையிலும் அதன் மேல் தாங்கியிலும் தண்ணீர் நின்றது, இரண்டிலும் குடம்பி. தாங்கியை வடித்து, கோப்பையின் வாயைத் தடித்த பொலித்தீனால் மூடி ஒட்டுநாடாவால் சுற்றினோம். பின்பக்கத்தில் தகரம் சரிந்து மடிந்த இடத்தில் தேங்கியிருந்ததைக் கவிழ்த்தோம். கிணற்றுக்கு எங்கள் கிணற்றிலிருந்து கொஞ்சம் கப்பி மீனைப் பிடித்து விட்டோம். பூட்டிய வளவு என்பதால் அங்கே குளோரினும் இல்லை, வாளி போடுபவர்களும் இல்லை, பெருகிவிடும். திறப்பு வைத்திருப்பவர் மாதத்துக்கொருமுறை வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மதிலடி வாளிப் பட்டியில் இப்போதும் புள்ளி விழுகிறது, ஆனால் முன்பு போல அடர்த்தியாக இல்லை. அடுத்த வேலை அந்த வீட்டுப் பீலி. அதற்கு ஏணி போதாது, உயரம் கூட.